அமாவாசையில் வேலைக்குச் சேர்ந்தவன்

முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊர், பஸ், சாப்பாடு எல்லாம் பிறகு. ஒரு கேள்விக்கு விடை என் கையிலேயே இருந்தது. அந்த விடையோடுதான் திருப்பதிக்குப் பஸ் ஏறினேன், அந்த விடையோடுதான் ஆபீஸ் படியேறினேன். ஒரு வாரம் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு, அதே கேள்விக்குக் கம்ப்யூட்டரில் விடை தேடினேன். கிடைத்தது, தப்பான விடை. அதைக் கொண்டு ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைத்தேன். படிக்கிற உங்களுக்கு என்னைவிடச் சீக்கிரமே விளங்கிவிடும். விளங்கினால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் மெதுவாகத்தான் வந்து சேர்வேன்.

எங்கள் ஊர் ஆந்திராவில், நாகலாபுரத்துக்குப் பக்கம். வீட்டில் தமிழ், மண்டல ஆபீஸில் தெலுங்கு, சண்டையில் இரண்டும். எனக்கு வயது இருபத்தொன்பது. தலையைப் பார்த்துச் சொல்கிறவர்கள் நாற்பத்தைந்து என்பார்கள். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு அக்கா வீட்டுக்காரரின் சிமெண்ட் கடையில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். அவரை நான் மாமா என்பேன், அவர் என்னை மச்சான் என்பார், வாடிக்கையாளர் எதிரில் மட்டும் 'ஏய்' என்பார். கடை சாத்தியபின் ஆன்லைனில் டேட்டா அனலிஸ்ட் பாடம் படித்தேன். படித்த பாவத்துக்கு ஒரு பெரிய கம்பெனியில் அப்ரண்டிஸ் இடம் கிடைத்துவிட்டது. மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டரும் விற்கிற கம்பெனி. சத்தியவேட்டிலிருந்து ராமகுப்பம் வரைக்கும் கிளைகள். வட்டார ஆபீஸ் சித்தூரில், கணக்கு அலசும் பிரிவு திருப்பதியில்.

"அதுல உனக்கு இன்னாடா வேலை?" என்று நைனா கேட்டார்.

"எந்த ஊர்ல எவ்ளோ வண்டி வித்துதுன்னு பார்த்து, ஏன்னு சொல்லணும் நைனா."

"வித்தவனைக் கேட்டா அவனே சொல்லிட்டுப் போறான்."

இந்தப் பதிலை நான் அப்போது மதித்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

முதல் வாரம் சோதனை. வாரம் முடிந்து மேடம் கையெழுத்துப் போட்டால் ஒரு வருஷத்துக்கு இடம் உறுதி. போடாவிட்டால் சிமெண்ட் கடை. "ஸ்டூலை அப்படியே வெச்சிக்கினு இருக்கேன் மச்சான், தூசிகூடத் தட்டல" என்று மாமா அன்போடு வழியனுப்பினார். திங்கள் முதல் புதனுக்குள் எப்போது வேண்டுமானாலும் வந்து சேரலாம் என்று கம்பெனி எழுதியிருந்தது. அம்மா தினசரி காலண்டரைப் புரட்டினாள். திங்கட்கிழமைத் தாளில் கறுப்பு வட்டம்.

"நெறஞ்ச அமாவாசை. இதைவிட நல்ல நாளை எங்க போய்த் தேடறது? பொழுது விடியறதுக்குள்ள போய்க்கினே இரு."

போய்க்கினே இருந்தேன்.

எங்கள் ஊருக்கும் திருப்பதிக்கும் நடுவே கடல் இல்லை, பாஸ்போர்ட் கேட்பதில்லை. ஆனால் கையில் பையோடு திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நீங்கள் வெளியூர்க்காரர், அவ்வளவுதான். அங்கே பிறந்து வளர்ந்தவனே பையோடு இறங்கினால் ஆட்டோக்காரர்கள் மலையடிவாரத்து அலிபிரிக்குத்தான் கூப்பிடுவார்கள். எனக்குப் பையோடு இந்தத் தலையும் சேர்ந்துகொண்டது. முன்பக்கம் முழுக்க வழுக்கை, மிச்சத்தை நானே ஒட்ட வெட்டிவிடுவேன். ஆட்டோக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "மொட்டை போட்டாச்சு, அப்புறம் ஏன் மறுபடி மேலே?" என்றார். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இறக்கிவிடட்டுமா என்றும் கேட்டார். ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி கேட்ட முதல் கேள்வி, "தரிசனம் நல்லா கிடைச்சுதா?" வேலைக்கு வந்தேன் என்று சொன்னதும் முகம் வாடிவிட்டது. கையை நீட்டி லட்டுக்கு இடம் பண்ணி வைத்திருந்தார் பாவம்.

உள்ளே வரவேற்பில் இருந்த பெண் என் பெயரை இரண்டு முறை சரிபார்த்தார்.

"இன்னிக்கேவா சேர்றீங்க?"

"ஆமாங்க."

"இன்னிக்கு அமாவாசையாச்சே."

"ஆமாங்க, அதனாலதான்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. சுடுகாட்டிலிருந்து நேராக வந்தவனைப் பார்ப்பது போல ஒரு பார்வை. தெலுங்கு வீடுகளில் அமாவாசையன்று நல்ல காரியம் எதையும் தொடங்க மாட்டார்கள். பயணம்கூடப் புறப்பட மாட்டார்கள். எங்கள் வீடுகளில் அந்த நாளுக்காகக் காத்திருப்போம். ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு காலகாலமாக இப்படித்தான் நடக்கிறது. எனக்கு நன்றாகத் தெரியும். நன்றாகத் தெரியும் என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற அப்ரண்டிஸ்கள் ஒருவரும் வரவில்லை. பெரிய அறை, வரிசையாக நாற்காலி, நான் ஒருவன். லேப்டாப் கேட்டேன். புதுச் சாமானை இன்றைக்கு யாருக்கும் கொடுப்பதில்லை என்று சிஸ்டம்காரர் கதவருகே நின்றே சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் வரை ஏசியின் காற்றையும் என் கைரேகையையும் ஆராய்ந்தேன். ஒன்றும் செய்யாமல் உட்காருவதில் வருகிற களைப்பு சிமெண்ட் மூட்டை தூக்குவதில் வருவதில்லை.

செவ்வாயும் யாரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை புது வேலை ஆகாது. இதில் நாங்களும் அவர்களும் ஒரே கட்சி. மறுபடி அதே அறை. செக்யூரிட்டி மட்டும் எட்டிப் பார்த்து, "இன்னும் இருக்கியா?" என்று நலம் விசாரித்தார்.

தங்கியது ஆண்கள் ஹாஸ்டல் ஒன்றில். மாடிக் கட்டில், கீழ்க் கட்டில், எனக்கு மாடி. மின்விசிறி என் மூக்குக்கு நேரே சுற்றும், சுற்றும்போது யாரையோ பல்லைக் கடித்துத் திட்டும். காலையில் பக்கெட்டுக்கு வரிசை. சாப்பாட்டில் பருப்புப் பொடி, கோங்குராக் கீரை, அதன் மேல் கோங்குரா. ஒரு நாள் நாக்கு செத்துப்போய் வெளியே ஓட்டலுக்குப் போனால், பலகையில் பெரிய எழுத்தில் 'ராகி சங்கட்டி ஸ்பெஷல்' என்று எழுதியிருந்தது. ஆசையாகச் சொன்னேன். வந்தது எங்கள் வீட்டுக் களி. எதைத் தின்ன மாட்டேன் என்று அம்மாவோடு சண்டை போட்டேனோ, அதைத் திருப்பதிக்கு வந்து வரிசையில் நின்று தின்றேன். உருண்டை நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

புதன்கிழமை எல்லோரும் வந்தார்கள். நெற்றியில் குங்குமம், கையில் பிரசாதம், முகத்தில் தூக்கம். எல்லோருக்கும் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். பாடம் நடத்த வந்தவன் என்று நினைத்துவிட்டார்கள். அப்படியே விட்டிருக்கலாம். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் ஹர்ஷா, மதனபல்லிப் பையன், விரல்கள் கீபோர்டில் மழை மாதிரி விழும். என்னை அண்ணா என்றான். அந்த வாரத்தில் கிடைத்த ஒரே பதவி அதுதான்.

எங்கள் மேடம் பெயர் பத்மஜா. அதிகம் பேச மாட்டார். கண்ணாடியைத் தூக்கினால் கேள்வி, இறக்கினால் முடிந்தது. ஆளுக்குச் சில கிளைகளைப் பிரித்துக் கொடுத்தார். ஒரு வருஷம் முழுக்க ஒவ்வொரு நாளும் எத்தனை வண்டி டெலிவரி ஆனது என்ற கணக்கு. "வழக்கத்துக்கு மாறா எது இருந்தாலும் சிவப்பு வட்டம் போட்டு, காரணம் எழுதணும். நாளைக்குச் சாயங்காலம் எனக்கு வேணும்." கண்ணாடி இறங்கியது.

எனக்கு வந்தவை தமிழ்நாட்டு எல்லைப் பக்கத்துக் கிளைகள். எங்கள் பக்கத்தைச் சேர்ந்தவன் என்று பார்த்துக் கொடுத்தார்களாம். பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். பார்க்கத் தெரியாதவன் நான்தான். முதலில் சத்தியவேட்டுக் கிளையை எடுத்தேன். மாதம் முழுக்க ஒன்று, இரண்டு என்று தூங்குகிறது. திடீரென்று ஒரு நாள் பேய் பிடித்த மாதிரி விற்கிறது. மறுநாள் மறுபடி தூக்கம். அடுத்த மாதமும் அப்படியே, ஆனால் வேறு தேதி. அதற்கடுத்த மாதம் இன்னொரு தேதி. மாதக் கடைசி என்றால் இலக்கு முடிக்கிற அவசரம் என்று சொல்லலாம். இங்கே தேதி நகர்ந்துகொண்டே போகிறது.

எனக்குள் இருந்த துப்பறியும் பிராணி எழுந்து உட்கார்ந்தது. தேதியை மாற்றி மாற்றிப் பொய்க்கணக்கு எழுதுகிற பலே ஆள் என்று முடிவு கட்டினேன். மற்ற எல்லைக் கிளைகளைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஆளைப் பிடித்துவிட்டவன் அப்புறம் எதற்கு ஊரைச் சுற்ற வேண்டும்?

பக்கத்தில் ஹர்ஷா தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"அண்ணா, என் கிளைங்கள்ல மாசத்துல ஒரு நாள் ஒரு வண்டிகூட விக்கல. மதனபல்லி, பீலேறு, எல்லாத்துலயும் அதே நாள்."

"சர்வர் படுத்திருக்கும்."

"மாசா மாசமா?"

"அதுக்கும் ஓய்வு வேணாமா தம்பி?"

அவன் நம்பினான். மாதம் ஒரு முறை சர்வர் ஏன் படுக்கிறது என்று விளக்கம் கேட்டு ஐடி பிரிவுக்குக் கடிதமே போட்டுவிட்டான். வியாழக்கிழமை இரண்டு பேரின் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவனுக்குப் பூஜ்யம் விழுகிற அதே நாளில்தான் எனக்குப் பேய் பிடிக்கிறது. சாதாரண மனிதன் அந்த இடத்தில் நின்று ஒரு நிமிஷம் யோசித்திருப்பான். நாங்கள் அனலிஸ்டுகள்.

"புரிஞ்சுபோச்சு" என்றேன். "உங்க பக்கம் சர்வர் படுத்த அன்னிக்கு, உங்க வண்டியெல்லாம் இந்தக் கிளை தன் பேர்ல எழுதிக்குது."

"அண்ணா, நீங்க பெரிய ஆளு" என்றான் ஹர்ஷா. அவன் குரலில் கேலி இல்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

அழகான வரைபடம் போட்டேன். சிவப்பு வட்டம். கீழே, 'இலக்கை நிரப்பத் திட்டமிட்டு எழுதப்பட்ட பொய் விற்பனையாகத் தெரிகிறது' என்று ஆங்கிலத்தில், தடித்த எழுத்தில். கிளைப் பொறுப்பாளர் பெயரை சிஸ்டமே எடுத்து ஓரத்தில் போட்டுக்கொண்டது: தனலட்சுமி. அந்தப் பெயருக்கு ஒரு முகம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பத்மஜா மேடம் பார்த்தார். கண்ணாடியை இறக்காமலே "குட்" என்றார். அப்படியே சித்தூருக்கு அனுப்பிவிட்டார். அன்று மின்விசிறியின் திட்டுகூட எனக்குத் தாலாட்டாக இருந்தது. ஸ்டூலைத் தூசி தட்டி வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லி மாமாவுக்குச் செய்தி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை டவுன் பஸ்ஸில் தூங்கிப்போனேன். வாரக் களைப்பு மொத்தமும் அந்த ஒரு சீட்டில் சாய்ந்துகொண்டது. கண் விழித்தால் அலிபிரி. எதிரே மலை, சுற்றிலும் மூட்டையும் முடிச்சுமாகக் குடும்பங்கள், கோவிந்தா கோஷம். கண்டக்டர் என் தலையைத் தட்டாத குறையாக எழுப்பி, "சாமி, ஏற்கெனவே ஆயிடுச்சு போல, இறங்கு" என்றார். திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு நிற்கும்போது மாமா போன் செய்தார்.

"மச்சான், உங்க கம்பெனியில ஸ்கூட்டர் எடுக்கலாம்னு இருக்கேன். உங்க அக்கா நச்சரிச்சிக்கினு கீறா. எதனா கொறைச்சுத் தருவாங்களா?"

"கேட்டுப் பார்க்கறேன் மாமா. எப்ப வேணும், நாளைக்கா?"

"நாளைக்கா? உனுக்கு இன்னா பைத்தியமா? போன அமாவாசைய விட்டுட்டோம். அடுத்த அமாவாசைக்குத்தான் வண்டிய வீட்டுக்குக் கொண்டாரணும். ஊர்ல எல்லாரும் அப்பிடித்தான எடுக்கறாங்கோ?"

அலிபிரியில் பக்தர்கள் பலவிதமாகச் சிலிர்த்துப்போவார்கள். நான் சிலிர்த்தது வேறு விதம். போனில் காலண்டரைத் திறந்து தேதிகளைப் பார்த்தேன். ஒவ்வொரு சிவப்பு வட்டத்துக்கும் கீழே ஒரு கறுப்பு வட்டம். மாமா இன்னும், "அலோ, அலோ, லட்டு வாங்கிக்கினு வா" என்று கத்திக்கொண்டிருந்தார்.

ஆபீஸுக்குள் மூச்சு வாங்க நுழைந்து பத்மஜா மேடத்திடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கண்ணாடி மேலே போனது. வெகுநேரம் மேலேயே இருந்தது.

"திங்கட்கிழமை வந்து சேர்ந்தவன் நீதானே?"

"ஆமா மேடம்."

"அமாவாசைன்னு பார்த்து."

"ஆமா மேடம்."

அதற்குமேல் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் இளைப்பாறியிருப்பேன். சித்தூரில் அந்தப் பெண்ணின் லாகினைப் பூட்டிவிட்டார்கள் என்றார். நாளைக்கு அந்தப் பெண் நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கம் சரியில்லை என்றால் விசாரணை முடிகிற வரைக்கும் வேலை கிடையாது. மேடம் சித்தூருக்குப் போன் செய்தார். வட்டார மேலாளர் எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை.

"நாளைக்கு நீ சித்தூர் போ. நீயே அவர்கிட்ட சொல்லு. சொல்லிட்டு, அந்தம்மாகிட்டயும் சொல்லு, நான்தான் பண்ணினேன்னு. ரெண்டும் செஞ்சுட்டு திங்கட்கிழமை வா. கையெழுத்து அப்புறம் பார்க்கலாம்."

வெளியே வந்தால் ஹர்ஷா முகம் வெளுத்து நிற்கிறான். ஐடி பிரிவிலிருந்து பதில் வந்திருந்தது: சர்வர் பழுது கண்டுபிடிக்கப்பட்டுச் சரிசெய்யப்பட்டது.

சனிக்கிழமை சித்தூர் பஸ். நான் ஏறின பஸ் என்பதால் பாதி வழியில் புகைந்தது. டிரைவர் இறங்கி மூடியைத் திறந்து, தண்ணீர் இருக்கிறவர்கள் ஊற்றுங்கள் என்றார். ஆளாளுக்கு பாட்டிலைக் கவிழ்த்தோம். மலையிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தை மட்டும் ஒரு பெரியவர் மார்போடு அணைத்துக்கொண்டார். "அதை ஊத்தினா வண்டி நேரா வைகுண்டம்தான் போகும்" என்றார் கண்டக்டர். வெயிலில் புளியமரத்தடியில் நின்றோம். பக்கத்தில் நின்ற தக்காளி வியாபாரி என் தெலுங்கைக் கேட்டுவிட்டு, "தமிழ்நாடா?" என்றார். ஆந்திராதான் என்றேன். "அப்ப ஏன் தமிழ் பேசறே?" என்றார். நாங்கள் வீட்டிலேயே இருந்தோம், எல்லைக் கோட்டைத்தான் பக்கத்தில் கொண்டுவந்து போட்டார்கள் என்று விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். தெம்பில்லை. "பழக்கம்" என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

சித்தூர் எனக்குப் புது ஊர் இல்லை. சாதிச் சான்றிதழிலிருந்து எதற்கெடுத்தாலும் அங்கேதான் போவோம். மாவட்டத்தைப் பிரித்தபின் எங்கள் ஊர் திருப்பதிப் பக்கம் போய்விட்டது. இருந்தாலும் சித்தூரில் இறங்கியதும், ஏதோ ஒரு கவுண்டரில் நின்று 'நாளைக்கு வா' என்று கேட்க வந்தவன் மாதிரியே தோள் தானாகத் தொங்கிவிடுகிறது.

வட்டார ஆபீஸ் மாடியில் இருந்தது. மேலாளர் அறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கலாம். பச்சைச் சேலை, மடியில் கம்பெனிப் பை, அதன் மேல் பிரிக்காத டிபன் டப்பா. இரண்டு கையாலும் டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தார், யாரோ பிடுங்கப்போகிற மாதிரி. பையில் சத்தியவேட்டுக் கிளையின் பெயர். அந்தப் பெயருக்கு முகம் வந்துவிட்டது.

"உள்ளாற சாப்ட்டுக்கினு கீறாரு. குந்து தம்பி" என்றார்.

"நீங்க எப்ப வந்தீங்கக்கா?"

"காலைல மொத பஸ்ஸு. பசங்களைப் பக்கத்து வூட்ல வுட்டுட்டு வந்துட்டேன். இன்னா கேப்பாங்களோன்னு சோறு எறங்கல."

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரியும். மேலாளர் கை கழுவும் சத்தம் கேட்டதும் உள்ளே போனேன். ஏசி வேலை செய்யாததால் அறைக் கதவையும் ஜன்னலையும் திறந்தே போட்டிருந்தார்கள். சுவரில் பெரிய தெலுங்குக் காலண்டர். நான் லேப்டாப்பைத் திறந்து காட்டிச் சொல்லச் சொல்ல, அவர் ஏப்பத்தை நடுவிலேயே நிறுத்திவிட்டார்.

"அமாவாசையன்னிக்கு வண்டி எடுப்பாங்களா? மனுஷங்களா?"

"எங்க பக்கம் அன்னிக்குத்தான் சார் எடுப்போம்."

"செத்தவங்களுக்குத் திதி கொடுக்கிற நாள்யா அது."

"காலைல அவங்களுக்குப் படைச்சுடுவோம் சார். அவங்க ஆசீர்வாதத்தோட சாயங்காலம் வண்டி எடுப்போம்."

"மத்த கிளையில?"

அப்போதுதான் அவர் எதிரிலேயே மற்ற எல்லைக் கிளைகளைத் திறந்து காட்டினேன். நகரி, புத்தூர், எல்லாவற்றுக்கும் அதே நாளில் அதே பேய். சத்தியவேட்டுக்குக் கொஞ்சம் அதிகமாகப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். மேலாளர் எழுந்துபோய்ச் சுவர்க் காலண்டரில் விரலை வைத்து, மாதம் மாதமாகத் தாளைத் தூக்கிப் பார்த்தார். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பெருமூச்சு.

"இந்தச் சிவப்பு வட்டம் யார் போட்டது?"

"நான்தான் சார்."

"உனக்கு எந்த ஊரு?"

"நாகலாபுரம் பக்கம் சார்."

"வேலைக்கு எப்ப சேர்ந்தே?"

சொன்னேன். அவர் என் தலையிலிருந்து செருப்பு வரைக்கும் ஒரு முறை பார்த்தார். "அதான்" என்றார். அங்கேயே போன் போட்டு லாகினைத் திறக்கச் சொன்னார். "அந்தம்மாவைப் போகச் சொல்லு. ஏன்னு நீயே வெளக்கிச் சொல்லு, எனக்கு வேலை இருக்கு."

வெளியே வந்தேன். தனலட்சுமி அக்கா டப்பாவோடு எழுந்து நின்றார். மனதுக்குள் வாக்கியத்தை நன்றாக அமைத்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

"லாகின் திறந்துட்டாங்கக்கா. நீங்க போலாமாம்."

"ஏன் பூட்டுனாங்களாம்?"

"ஏதோ கம்ப்யூட்டர் தப்பாம்."

அவர் திறந்து கிடந்த அறைக் கதவை ஒரு முறை பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, "எந்தப் பக்கம் போறே?" என்றார். நாகலாபுரம் என்றேன். "அப்ப வா, ஒரே வழி."

இதைவிடக் கொடுமையாக ஒரு பயணம் இருக்க முடியாது. சித்தூரிலிருந்து திருப்பதி வரைக்கும் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்றே வந்தேன். கூட்டம் அதிகம், நின்றுகொண்டு சொல்கிற விஷயமா என்று தள்ளிப்போட்டேன். திருப்பதியில் பஸ் மாறினோம். உட்கார இடம் கிடைத்தது. இப்போது ஜன்னல் காற்றில் காதில் விழாது என்று தள்ளிப்போட்டேன். வெயில் தாழ்ந்து மலை மேல் மஞ்சளாகக் கிடந்தது. உடம்பு எனக்குச் சொந்தமில்லாத மாதிரி எங்கெங்கோ வலித்தது. கண்ணை மூடினால் சிவப்பு வட்டம்.

வடமாலபேட்டையில் வண்டி நின்றது. முன்னால் லாரிகள் வரிசை கட்டியிருந்தன. டிரைவர் இன்ஜினை அணைத்தார். காற்றும் இல்லை, சத்தமும் இல்லை. எனக்கு இனிச் சாக்கும் இல்லை. அக்கா டிபன் டப்பாவைத் திறந்தார். எலுமிச்சைச் சோறு, ஓரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைத் துவையல். மூடியில் எனக்குப் பாதியைப் போட்டு நீட்டினார். ஒரு வாரமாகக் கோங்குராவில் ஊறிய நாக்கு என்னைக் கேட்காமலே கையை நீட்டிவிட்டது.

"கம்ப்யூட்டரு தப்பாம்" என்றார் அக்கா, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு. "கம்ப்யூட்டருக்குக் கை மொளைச்சு செவப்பு வட்டம் போட்டுச்சா? எவனோ ஒருத்தன் ஏசி ரூம்ல குந்திக்கினு போட்டிருக்கான்."

"இருக்கும்கா."

"எட்டு வருஷமா ஓட்டிக்கினு வரேன் அந்தக் கிளைய. அமாவாசைக்கு அமாவாசை கடை வாசல்ல எலுமிச்சம்பழம் நசுக்கி நசுக்கி என் கையே மஞ்சளாப் பூடும். வந்து பார்த்தானா? ஒரு போனு போட்டுக் கேட்டானா?"

"கேட்டிருக்கணும்கா."

"அவன் கை வெளங்காம போவ."

சோற்றைப் பிசைந்த என் கை நின்றது. மறுபடி பிசைந்தது.

"அவனுக்கு மூணு வேளையும் ஆஸ்டல் சோறே வாய்க்க."

வாய்த்திருக்கிறது என்று சொல்லவில்லை.

"அவன் ஏர்ற பஸ்ஸெல்லாம் நடுரோட்ல நிக்க."

முன் சீட்டுக்காரர் திரும்பி லாரி வரிசையைப் பார்த்துவிட்டு, யாரம்மா அது என்பது போல எங்களைப் பார்த்தார்.

"அவன் தலையில ஒரு முடி இல்லாம பூட."

இதைச் சொல்லும்போது அக்கா ஜன்னலை விட்டு என் தலையை நிதானமாகப் பார்த்தார். நான் துவையலைப் பார்த்தேன். துவையல் ருசியாக இருந்தது. அந்த நேரத்தில் அது ருசியாக இருந்தது பெரிய அநியாயம். திங்கட்கிழமை மேடம் கண்ணாடியைத் தூக்கி, சொன்னாயா என்று கேட்பார். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது கையெழுத்து ஞாபகத்தில் இல்லை. பிசைந்த கையோடு ஒரு மனுஷி சோற்றில் பாதியைத் தந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார், அது ஒன்றுதான் இருந்தது.

"அக்கா" என்றேன். "அந்த வட்டம் போட்டவன் நான்தான்க்கா. நானும் அமாவாசைக்குக் காத்திருக்கிற வீட்டுப் பையன்தான். அமாவாசை பார்த்துத்தான் இந்த வேலையிலயே சேர்ந்தேன். ஆனாலும் தெரியல. வேணும்னு பண்ணலக்கா. உங்களைக் கேட்டிருக்கணும், கேக்கல."

அவர் டப்பாவில் மிச்சமிருந்த சோற்றையும் வழித்து என் மூடியில் போட்டார்.

"தெரியும், துன்னு."